நேர்ந்துவிட்ட கை

கொட்டகலை பஸாரில் நான் வேலை செய்கிற துணிக்கடை வாசலுக்கு மேலே, என் தம்பியின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு காலைத் தூக்கி, இடுப்பை முறுக்கி, பந்தை எறியப் போகிற படம். பக்கத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன். கீழே, 'ஜப்பானை வென்ற தோட்டத்துச் சிங்கமே, திருவிழாவுக்கு வருக!' என்று சிவப்பு எழுத்து. அவன் ஜப்பானை ஒன்றும் வெல்லவில்லை. அங்கே ஒரு நகரத்து அணியில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடுகிறான். அதுவே எங்களுக்குப் பெரிய காரியம். இதை ஏன் இப்படி ஊதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்.

ஏதோ இடித்தது. முகம் அவன் முகம்தான், ஆனால் கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் கடையின் பின்பக்கத்தில் தையல் மெஷினோடு பிழைக்கிறவள். எந்தச் சட்டையைப் பார்த்தாலும் என் கண் முதலில் பொத்தானுக்குத்தான் போகும். அவன் ஜெர்சியில் பொத்தான் பட்டி பொம்பளைச் சட்டை மாதிரிப் பக்கம் மாறியிருந்தது. நெஞ்சில் இருந்த ஜப்பான் எழுத்தும் ஏழாம் நம்பரும் திரும்பி நின்றன. அதற்கப்புறம்தான் பந்தைப் பார்த்தேன். பந்து வலது கையில் இருந்தது.

என் தம்பி இடது கைக்காரன். அவனுக்குச் சோறு போடுவது அந்த இடது கைதான்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் தோட்டத்துக் கோவில் கமிட்டித் தலைவர் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுக்காரன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்று நினைத்து அவரிடம் போனேன்.

"மாமா, பேனர்ல படம் மாறிப் போச்சுங்க."

"மாறல புள்ள, மாத்துனது. நான்தான் திருப்பிப் போடச் சொன்னேன். அம்மன் பக்கத்துல பீச்சாங்கைய ஓங்கிக்கிட்டு ஒருத்தன் நின்னா பாக்க நல்லாவா இருக்கும்?"

"எழுத்தெல்லாம் சேந்து திரும்பிருச்சுங்களே."

"அது ஜப்பான் எழுத்து. நேரா இருந்தா மட்டும் நீ வாசிச்சிருவியாக்கும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைக்குத் திரும்பிவிட்டேன். நான் அப்படித்தான். கோபம் வரும்போது வார்த்தை வராது. எல்லாம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வரும். அன்று முழுக்க ரவிக்கைகளோடு சண்டை போட்டேன்.

அந்தக் கை பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு. அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அவன் எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் பென்சிலைப் பிடித்தால் அடிமட்டக் கோலால் விரல் மொளியில் அடி விழும். வீட்டில் சோற்றுக்கு அந்தக் கை போனால் அம்மா துண்டை எடுத்து அதை முதுகுப் பக்கம் கட்டிவிடுவார். நல்லது கெட்டதுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவன் கையால் வெற்றிலைத் தட்டை வாங்க மாட்டார்கள். அடி வாங்கி வாங்கி எழுதுவதையும் சாப்பிடுவதையும் அவன் வலது கைக்கு மாற்றிக்கொண்டான். எறிவது மட்டும் மாறவில்லை. கொய்யாவுக்குக் கல் எறிந்தாலும் சரி, மரக்கறித் தோட்டத்தில் குரங்கை விரட்டினாலும் சரி, கல் இடது கையிலிருந்துதான் போகும். குறியும் தப்பாது.

வாலிபப் பயல்கள் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அந்தத் தட்டையான இடத்தில், மாலையில் கிரிக்கெட் ஆடுவார்கள். தம்பியும் போய் நின்றான். அவன் பந்து வேகமாக வரும். எல்லோரும் தடுமாறுவார்கள். இப்போது கோவில் தலைவராக இருக்கிறாரே, இந்த மனுஷன்தான் அன்று கிளப்பின் கெப்டன். அவர் அணி ஆடாதபோது நடுவரும் அவர்தான். அவரே ஒரு நாள் கட்டையோடு நின்று தம்பியின் பந்தில் விக்கெட் போனதும், கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்.

"நோ போல்! இவன் போடுறானா எறியிறானா? மொழங்கை மடங்குது பாருங்கடா! பீச்சாங்கையில போடுறதே தரித்திரம், இதுல எறி வேற!"

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டாலே சுற்றி நின்று "நோ போல், நோ போல்" என்று கத்துவார்கள். பஸ்ஸில் ஏறினாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அவன் வீட்டுக்கு வந்து, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள மண்திட்டில் தனியாக எறிந்துகொண்டிருப்பான். அந்தத் திட்டில் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. மழையில் திட்டு சரிந்து வீட்டுக்குள் வந்துவிடுமோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

அப்புறம் ஒரு நாள் ஹட்டனிலிருந்து ஒரு சிங்கள விளையாட்டு வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஜப்பானிலிருந்து தொண்டு வேலைக்கு வந்த ஓர் இளைஞர், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, நனைந்த பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர்கள் கேட்டது வேடிக்கையான கேள்வி. பெரட்டுக்களத்தில் வண்டியை நிறுத்தி, தெரிந்த தமிழில் அந்த வாத்தியார் கேட்டார்: "இங்க கிரிக்கெட்ல எறியிறான் சொல்லி வெளிய போட்ட ஆள் யாரும் இருக்கா?" பேஸ்போலுக்கு ஆள் சேர்க்க அவர்கள் தோட்டம் தோட்டமாக இதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்களாம். நல்லாப் பந்து போடுகிறவனைக் கிரிக்கெட் விடாது. எறிகிறான் என்று துரத்தியவனைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று அந்த ஜப்பான்காரருக்கு யோசனை.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எங்கக்கிட்ட ஒண்ணு இருக்கு, ஏத்திக்கிட்டுப் போங்க" என்று தம்பி நின்ற மண்திட்டைக் காட்டினார். இதே ஆள் இன்று பேப்பர்காரர்கள் வந்தால், "மொத மொதல்ல அந்தப் பயல அடையாளம் காட்டுனதே நான்தாங்க" என்கிறார். பேப்பரிலும் வந்துவிட்டது. படத்தோடு.

மண்திட்டின் குழியைப் பார்த்து அந்த ஜப்பான் இளைஞர் அதற்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். தம்பியிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். அவன் எறிந்ததும் வாத்தியார், "ஹொந்தாய் மல்லி, ஹொந்தாய்!" என்று கைதட்டினார். நல்லாயிருக்கு தம்பி என்று வெளியாள் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கை முதன்முதலாகக் கேட்டது.

எனக்கு அந்த ஆட்டம் வெகு நாள் புரியவில்லை. பிறகு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். மைதானத்தின் நடுவில் ஒரு சின்ன மண்மேடு. அதில் நின்று எறிகிறவன் கையில்தான் ஆட்டம். எதிரில் ஒருத்தன் கட்டையோடு நிற்பான். அவனுக்குப் பின்னால் கனத்த கையுறையோடு இன்னொருத்தன் குந்தியிருப்பான். கட்டைக்காரனை ஏமாற்றிப் பந்தைக் கையுறைக்குள் போட வேண்டும். முழங்கை மடங்கினால் கேட்க அங்கே ஆள் கிடையாது. எறிவதுதான் வேலையே. இடது கைக்காரன் என்றால் இன்னும் விசேஷமாம். கட்டைக்காரர்களுக்குப் பழகாத பக்கத்திலிருந்து பந்து வருவதால் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். இதைக் கேட்டு நான் அழுதேன். ஒரு தேசத்தில் துண்டால் கட்டி வைக்கிற கையை இன்னொரு தேசத்தில் தேடுகிறார்கள்.

ஹட்டன் மைதானத்தில் தொடங்கினான். கொழும்பு கிளப்புக்குப் போனான். நாட்டுக்காக வெளியூர்கள் போய் ஆடினான். அந்த ஜப்பான் இளைஞர் ஊர் திரும்பி, தன் பக்கத்து நகரத்தின் அணியில் சொல்லி வைத்து, இவனை வரவழைத்தார். அந்த நகரத்துப் பிள்ளைகள் இவன் நம்பர் போட்ட சட்டையோடு வந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் கடையில் போனை நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்து ஆட்டம் பார்ப்பேன். அவன் எறிய ஓங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். அதனால் அவன் எறிந்து நான் முழுசாகப் பார்த்தது குறைவு.

இந்தத் திருவிழாவுக்கு அவன் வந்தான். பேனரைப் பார்த்துவிட்டு, "என்னா அக்கா, என்னைய சோத்தாங்கைக்காரனாக்கிட்டாங்க!" என்று சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. அவன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

திருவிழாவுக்குப் போட அவனுக்கு ஒரு சட்டை தைக்க நினைத்து, அளவெடுக்க நிற்க வைத்தேன். கையைத் தூக்கு என்றேன். வலது கை மேலே போனது. இடது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. டேப்பைத் தோளில் சுற்றினேன். பழைய அளவுக்குச் சேரவில்லை. தொட்டுப் பார்த்தால் மொத்தமும் வீங்கி, சூடாக இருந்தது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லக்கா. போன சீசன்ல கொஞ்சம் கூட எறிஞ்சிட்டேன். டாக்டர் பாத்தாச்சு. திரும்பிப் போற வரைக்கும் எதையும் எறியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கல்லுகூட."

"போனதுக்கப்புறம்?"

"போனதும் எறிஞ்சு காட்டணும். சரியா வந்தா இந்த வருசமும் வச்சுக்குவாங்க."

"வரலன்னா?"

"வரலன்னா என்னா, கடையில ஒனக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு மெஷின் போட்டுக் குடு. ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிறேன். அம்மாக்கிட்ட மட்டும் சொல்லாதக்கா, அழும்."

அவன் சிரித்தான். அன்றிலிருந்து அவன் வாளியைத் தூக்கினால் ஓடுவேன். கதவைத் திறக்கக் கை நீட்டினால் நானே போய்த் திறப்பேன். தூங்கும்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பேன். "நான் என்னா முட்டையா அக்கா?" என்பான். ஆமாம், முட்டைதான். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு முட்டையை நம்பித்தான் இருந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் தலைவர் மாலையும் ஆட்களுமாக லயத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னால் ஒருத்தன் ஒரு மூட்டையை இறக்கினான். தேங்காய்.

"என்னாங்க மாமா இது?" என்று தம்பி கேட்டான்.

"நேத்திக்கடன்டா மருமவனே. போன திருவிழாவுல கமிட்டி சேந்து ஒனக்காக அம்மன்கிட்ட நேந்துகிட்டோம். இந்தப் பய ஜப்பான்ல நெலச்சுட்டான்னா, அந்தக் கையாலயே ஒரு மூட்டை தேங்காய எறிஞ்சு ஒடைக்க வைக்கிறோம் தாயேன்னு. நெலச்சுட்ட. நாளான்னைக்கு ஒடைக்கிற."

சிதறு தேங்காய் என்றால் சும்மா இல்லை. கோவில் வாசலில் உள்ள கருங்கல்லில், ஓங்கி, தலைக்கு மேலிருந்து, முழு வேகத்தில் எறிய வேண்டும். மூட்டை முழுக்க.

நான் உள்ளேயிருந்து வந்தேன். "யாரைக் கேட்டு நேந்தீங்க?"

"யாரைப் புள்ள கேக்கணும்? நம்ம பயதானே."

அந்த 'நம்ம பய'வைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆட்டுக்கிடாவை நேர்ந்துவிடுவதென்றாலும் அதை வளர்க்கிற வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார்கள். எறிகிறான் என்று துரத்தியபோது யார் பய? தட்டை வாங்க மறுத்தபோது யார் பய? ஆனால் இதில் எதையும் நான் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டு, "சரிங்க மாமா" என்றுவிட்டான். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் அவன் வாயில் அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் தலைவரைத் தனியாகப் பிடித்தேன். கோவில் வாசலில் பந்தல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் தோள் வீக்கத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கை போனால் வேலை போகும் என்று சொன்னேன்.

"வீக்கமா? எண்ணெ போட்டு நீவி விட்டா போயிரும். நாங்கல்லாம் கவ்வாத்துக் கத்தியப் புடிச்சு வருசக் கணக்கா தேயில வெட்டுன கை. என்னைக்காவது வீங்கியிருக்கா?"

"உங்க கைய யாரும் எறிஞ்சு காட்டச் சொல்லலங்களே மாமா."

"இந்தா பாரு. நீ யோசிக்கிறது தலகீழா இருக்கு. வேண்டுதல செலுத்தாம இருக்கான் பாரு, அதான் வீங்கியிருக்கு. அம்மன் காட்டுறா."

அங்கேதான் அவர் என்னைச் சாய்த்தார். நான் எதற்கும் பயப்படுகிறவள். டாக்டருக்கும் பயம், அம்மனுக்கும் பயம். எறிந்தால் கை போகும். எறியாவிட்டால் அம்மன் கையை எடுத்துக்கொள்வாளோ? அன்று தைத்த ரவிக்கை ஒன்றில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்திருந்தேன். முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

அவர் சொன்னது தண்ணிக் குழாயடி வழியாக அம்மா காதுக்கும் போய்விட்டது. அம்மா அழவில்லை, அதைவிட மோசம். திருநீற்றை எடுத்து அவன் தோளில் பூசிவிட்டு, "சாமி குத்தம் வேணாம் சாமி. ஒண்ணே ஒண்ணு ஒடச்சிரு" என்றார்.

"ஒண்ணுதானே அக்கா" என்றான் அவனும்.

திருவிழாவன்று தூறல் விட்டு விட்டுப் பெய்தது. தப்புச் சத்தம் மலையெல்லாம் கேட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஜப்பானில் ஆடுகிறவன் தேங்காய் உடைப்பதைப் பார்க்க வேண்டும். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி நடுவில் நின்றான். இடது கைப்பக்கம் நான் தளர்வாகத் தைத்திருந்தது வெளியே தெரியவில்லை. மூட்டையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தான். பழக்கத்தில் இடது கையால் எடுத்தான்.

"நில்லுப்பா!" என்று பூசாரி கற்பூரத் தட்டோடு கத்தினார். "எந்தக் கையில எடுக்குற? சாமிக்குப் பீச்சாங்கையா? நான் மணி ஆட்டுற வரைக்கும் இந்த வாசல்ல அது நடக்காது."

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பூசாரி, வேண்டுதலே அந்தக் கைக்குத்தான்யா!"

"என்னையக் கேட்டா வேண்டுனீங்க? அது ஆகாத கை. அம்மன் ஏத்துக்க மாட்டா."

"அம்மன் ஒங்கிட்ட வந்து சொன்னாளா?"

"ஒங்கிட்ட வந்து கேட்டாளாய்யா, ஒரு மூட்டை தேங்கா?"

தப்படிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கையைப் பற்றி ஊரே பேசியது. ஆகுமா ஆகாதா, சுத்தமா அசுத்தமா, செல்லுமா செல்லாதா. கைக்குச் சொந்தக்காரன் தூறலில் நனைந்துகொண்டு நின்றான். உனக்கு வலிக்குதா என்று கேட்க ஒரு நாதியில்லை.

கூட்டத்தில் எவனோ கத்தினான்: "பேனர்ல சோத்தாங்கைதானே போட்டுருக்கு! அதாலயே ஒடைக்கட்டும்!"

"ஆமா, ஆமா! பேனர்ல உள்ளபடி!"

கைதட்டினார்கள். பூசாரியும் தலையாட்டினார். தலைவரே திருப்பிப் போட வைத்த படமாயிற்றே, மறுத்துப் பேச அவருக்கு வழியில்லை. நான் மட்டும் மூச்சு விட்டேன். பைத்தியக்காரத்தனமோ என்னவோ, தம்பி கை தப்பியது என்று நினைத்தேன்.

தம்பி தேங்காயை வலது கைக்கு மாற்றி எறிந்தான். வலது கையால் அவன் வாழ்நாளில் எதையும் எறிந்ததில்லை. தேங்காய் கல்லின் ஓரத்தில் லேசாகப் பட்டு, தாண்டி, உருண்டு, தண்ணீர் ஓடுகிற பீலிக்காண் வாய்க்காலில் போய் விழுந்தது. முழுசாக.

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

"இதுக்கா தம்பி சம்பளம் குடுத்துக் கூப்புட்டாங்க?"

"ஜப்பான்ல காணுக்குள்ளதான் எறியணுமோ?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். உடையாத தேங்காய் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்பி அம்மாவைப் பார்த்தான். சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தான். இன்னொரு தேங்காயை எடுத்தான். இடது கையில். பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவன் காதில் வாங்கவில்லை. முகம் மாறியிருந்தது. கால் ஒன்று மெல்லப் பின்னால் போனது. போனில் எத்தனையோ தரம் பார்த்த நிற்பு அது. கண்ணை மூடிக்கொள்கிற இடம்.

இந்தத் தரம் நான் கண்ணை மூடவில்லை. ஓடிப் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"தள்ளுக்கா."

"எறி. எம்மேல எறி."

"புள்ள, கல்லு முன்னாடி பொம்பள நிக்கக் கூடாது, தள்ளு!" என்று தலைவர் வந்தார்.

அப்போது எனக்கு வார்த்தை வந்தது. மெஷினுக்கு முன்னால் மட்டும் வருகிற வார்த்தையெல்லாம் அந்த வாசலில் வந்தது. "யாரு நேந்தது? அவனா? எங்கம்மாவா? நானா? நோ போல்னு தொரத்துனவங்க நேந்தீங்க. பேனர்ல கையத் திருப்பிப் போட்டவங்க நேந்தீங்க. நீங்க நேந்ததுக்கு அவன் கை எதுக்கு?" பூசாரி பக்கம் திரும்பினேன். "பூசாரி ஐயா, நீங்களே சொல்லுங்க. நான் மொட்டை போடுறேன்னு நேந்துகிட்டு, பக்கத்து வீட்டுக்காரி தலைய இழுத்துட்டு வந்து செரைக்கலாமா?"

யாரோ ஒரு பெண் கூட்டத்தில் களுக்கென்று சிரித்தாள். பூசாரி தட்டைக் கீழே வைத்தார். தலைவர் மேல் அவருக்கு இருந்த கோபம் அன்று எங்களுக்கு உதவியது.

"அது ஆகாதுதான்" என்றார். "நேந்தவங்கதான் செலுத்தணும். அவங்க கையால."

"எங்க கையாலயா?" என்றார் தலைவர்.

"தலைவர் கையாலதான். மத்தவங்க கை எதுக்கு? தலைவர்தானே முன்ன நின்னு நேந்தது."

போன்கள் எல்லாம் தம்பியை விட்டு அவர் பக்கம் திரும்பின. மனுஷனுக்கு வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காயை எடுத்து, ஓங்கி, முழங்கையை நன்றாக மடக்கிப் போட்டார்.

"நோ போல்!"

அது யார் குரல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வயசான ஆண் குரல். பெரட்டுக்களத்தில் அன்றைக்கு நின்றவர்களில் ஒருத்தர்தான். அடுத்த தேங்காய்க்கு நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். அதற்கடுத்ததற்குக் கூட்டமே கத்தியது. "எறியிறாரு! மொழங்கை மடங்குது! நோ போல்!" தம்பி தேங்காயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து நின்றான். அழுகிறானோ என்று பயந்து பக்கத்தில் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

மூட்டை பாதியானபோது தலைவர் உட்கார்ந்துவிட்டார். தோளைத் தடவிக்கொண்டு, "புடிச்சுக்கிச்சு" என்றார்.

"எண்ணெ போட்டு நீவி விட்டா போயிருங்க மாமா" என்றேன்.

மீதியைக் கமிட்டியில் இருந்த மற்றவர்கள் உடைத்தார்கள்.

தம்பி ஜப்பானுக்குத் திரும்பினான். அவன் எறிந்து காட்டும் நாள் வரை நான் பட்டதைச் சொல்லி முடியாது. பீலிக்காணில் விழுந்த அந்த முழுத் தேங்காய் கண்ணுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அம்மா சோறு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் போனைப் பார்ப்பேன்.

ஒரு பகலில், கடையில் ஆள் நிறைந்திருக்கும்போது, அவன் அழைத்தான். "எறிஞ்சேன் அக்கா. வலி இல்ல. வச்சுக்கிட்டாங்க." நான் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வாங்க வந்தவர்கள் செத்த வீட்டுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டாக்டர் சொன்னபடி கைக்கு ஓய்வு கொடுத்தான், கை தேறியது. என் கணக்கில் விஷயம் அவ்வளவுதான். தோட்டத்தில் போய்க் கேளுங்கள். "கமிட்டி தேங்கா ஒடச்சதுலதான் தோள் சரியாச்சு" என்கிறார்கள். தலைவர் தன் தோளைத் தொட்டுக் காட்டி, "அவன் வலிய நான் வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லித் திரிகிறாராம். இதைக் கேட்டு என் ரத்தம் கொதித்து அடங்குவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. தம்பி இதைவிடப் பெரிய அணிக்குப் போய்விட்டால், அடுத்த திருவிழாவில் அவன் முதுகில் கொக்கி மாட்டித் தொங்கிப் பறவைக் காவடி எடுப்பான் என்று கமிட்டிக்காரர்கள் அம்மனிடம் சொல்லிவிட்டார்களாம். அவனைக் கேட்கவில்லை. எங்களையும் கேட்கவில்லை.

பேனர் இன்னும் கடை வாசலில் தொங்குகிறது. மழையில் சிவப்பு எழுத்து கரைந்து அம்மன் மேல் வழிந்திருக்கிறது. தம்பி இன்னும் வலது கையைத்தான் ஓங்கிக்கொண்டிருக்கிறான்.

செய்தி கேட்ட அன்றே கோவிலுக்குப் போனேன். கற்பூரம் வாங்கவில்லை, தேங்காயும் வாங்கவில்லை. வாசலில் நின்று சொன்னேன்: "தாயே, எந்தம்பி பேருல யாரு வந்து எதை நேந்தாலும் நீ காதுல வாங்காத. அவன் கையப் பத்தி வந்தா இன்னும் வாங்காத. அது ஒனக்கு ஆகாத கைன்னு ஒன் பூசாரியே சொல்லியிருக்காரு."